இடது பின்பக்கத் தகரம்

என் மச்சான் நார்பர்ட் அந்தக் காரை எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது, "ஒரு பொட்டுத் துரு கிடையாது காஸ், சத்தியமா!" என்று மூன்று முறை சொன்னான். ஒரு முறை மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

1968ஆம் வருடத்துப் பச்சை நிற ஜி.டி.ஓ. நார்பர்ட் பத்தொன்பது வயதில் ஊரைக் கலக்கிய வண்டி. பிறகு இருபது வருடமாக அவன் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கியது. ஈரி ஏரியில் மீன் பிடிக்க நான் வைத்திருந்த படகின்மேல் அவனுக்கு ஒரு கண். படகை அவன் எடுத்துக்கொண்டான், காரை எங்களுக்குக் கொடுத்தான்.

"மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போதும். தோண்டித் துருவி எல்லாம் பாக்காதீங்க" என்று போகும்போதும் சொல்லிவிட்டுப் போனான்.

டெட்ராய்டுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் பனியைக் கரைக்க வருடத்தில் ஐந்து மாதம் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு தின்னாத பழைய காரை நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் கார் ஆசை என்னுடையதல்ல, என் மனைவி டெல்ஃபினுடையது. நான் தபால்காரன். எனக்குத் தெரிந்த வித்தை நடப்பதும், நாய்களுக்குத் தப்புவதும்தான். அவள் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மயிரிழை அளவு மேடு பள்ளத்தைக்கூட விரல்நுனியில் கண்டுபிடித்துவிடுவாள். அந்த விரல்களுக்குப் பல் சிறியதாகிவிட்டது, கார் வேண்டியிருந்தது.

மே மாத முதல் சனிக்கிழமை, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தக்காளி வடிவக் காந்தத்தை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போனாள்.

"வாயைத் திறந்து பாத்துடலாம்" என்றாள்.

பானட்டில் காந்தம் கவ்விப் பிடித்தது. கதவுகளிலும் பிடித்தது. இடது பின்சக்கரத்துக்கு மேலே வைத்தாள். தக்காளி வழுக்கி விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. டெல்ஃபின் அந்த இடத்தைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தாள்.

"இது பல்லே இல்ல காஸ். முழுக்க அடைப்பு."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பெயின்ட்டைச் சுரண்டுவது, பள்ளத்தை அடைத்த பட்டிப் பூச்சை உடைப்பது, துருவைத் தேய்ப்பது. பச்சைத் தூசி என் புருவத்தில் இருந்தது, தலையணையில் இருந்தது, பீட்ரூட் சூப்பிலும் இருந்தது. தபால் போடும் வீடுகளில் என்னைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். டெல்ஃபின் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு, பல் செதுக்கும் சின்ன உளிகளோடு, வாழ்க்கையில் இதைவிடச் சந்தோஷமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

இடது பின்பக்கத்தில் பட்டி மட்டுமே ஒன்றரை விரல் கனம். அதைப் பெயர்த்தால் உள்ளே பழைய செய்தித்தாள். அதற்கும் உள்ளே, ஓட்டையை மறைத்து ரிவெட் அடித்த ஒரு பெரிய தகரத் துண்டு. டெல்ஃபின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தாள். தகரம் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தோம்.

வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. 'பிங்கோ. செவ்வாய் மாலை ஏழு மணி. மாதா கோயில் மண்டபம்.'

நான் அப்படியே ஒரு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பலகையை எனக்கு நன்றாகத் தெரியும். 1979இல் டெல்ஃபினின் அப்பாதான் கோயில் மண்டபத்தில் பிங்கோ எண் கூப்பிடுபவர். செவ்வாய் தவறாமல் மகளை இழுத்துக்கொண்டு போய் சீட்டு விற்க உட்கார வைத்துவிடுவார். அப்போது காதலித்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் வேலை இல்லாத மாலை அது ஒன்றுதான். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், "இந்தப் பலகையைப் பிடுங்கி ஆத்துல போடப்போறேன்" என்று பத்துப் பேர் காதுபடச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே பலகையைக் காணோம்.

அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. ஃபாதர் ஸிக்மண்ட் என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். டெல்ஃபினின் அப்பா இரண்டு கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்குள் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு விட்டார். ஆனால் நான் சாப்பிட்டு எழுந்ததும், "கரண்டி எல்லாம் சரியா இருக்கா, எண்ணிப் பாரு" என்று மாமியாரிடம் சொல்வார். பாதி விளையாட்டு, மீதி விளையாட்டில்லை. 1991இல் செத்துப்போனார். அந்தக் கரண்டி வசனத்தை அதற்குப் பிறகு நார்பர்ட் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு விருந்திலும் சொல்வான், சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

"அந்த வாரம் ஆத்தங்கரை பூரா டார்ச் அடிச்சுத் தேடினானே இவன்" என்றேன். "திருடன் மனசு மாறணும்னு ஜெபம்கூடச் சொன்னானே!"

"கண்ணீர் விட்டுச் சொன்னான்" என்றாள் டெல்ஃபின்.

"இப்பவே போய் அவன் கழுத்தைப் பிடிக்கறேன்."

"உக்காரு." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அது யாருக்கும் நல்லதல்ல என்பது கல்யாண அனுபவத்தில் எனக்குத் தெரியும். "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. புரியுதா?"

பலகையை மரச்சுத்தியால் தட்டி நேராக்கி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரத்தை வெல்டிங் வைத்தாள். வெல்டிங் தழும்பு மறைய மெல்லிசாகப் பட்டி பூசினால் போதும். அவள் வீட்டில் இருந்த பட்டி டப்பா முழுவதையும் அங்கே அப்பினாள். பழையபடி ஒன்றரை விரல் கனம் வந்தது. மேலே கொஞ்சம் பச்சைப் பெயின்ட், அதன்மேல் கொஞ்சம் அழுக்கு. தள்ளி நின்று பார்த்தால் யாரும் தொடவே இல்லை என்று நானே சொல்வேன்.

அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டுச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே டெல்ஃபின் சொன்னாள், "வலது பக்கம் முடிஞ்சுது. அடுத்த வாரம் இடது பின்பக்கத்தை உடைக்கப்போறோம்."

நார்பர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "அது எதுக்கு? அந்தப் பக்கம் ஒரிஜினல் ஆச்சே!"

"காந்தம் நிக்கலடா."

"உன் காந்தத்துக்கு வயசாயிருக்கும் அக்கா." தண்ணீர் குடித்தான். "சரி, ஒண்ணு செய்யறேன். அந்தப் பக்கத்தை நானே பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பாவம், எத்தனை நாளா உழைக்கறீங்க."

"ஐயோ, உனக்கு எதுக்கு சிரமம்?" என்றேன் நான்.

"மச்சானுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்!"

ஜூன் மாதத்தின் மூன்று சனிக்கிழமைகள் நார்பர்ட் எங்கள் கொட்டகையில் கிடந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். தூசி வெளியே வரும், அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள் என்றான். அந்தப் புழுக்கத்தில் கையால் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். மெஷினைக் கொடுத்தால் வேண்டாம் என்றான். சத்தம் கேட்டால் நாங்கள் வந்து எட்டிப் பார்ப்போமோ என்ற பயம். நாங்கள் சமையலறை ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குளிர்ந்த தர்பூசணி சாப்பிட்டோம். நடுநடுவே டெல்ஃபின் போய்க் கதவைத் தட்டுவாள்.

"என்னடா, ஏதாவது தெரியுதா?"

உள்ளே ஏதோ விழும் சத்தம். "இல்ல இல்ல! உள்ள வராதே!"

மூன்றாவது சனிக்கிழமை மதியம் உப்புத்தாள் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் தர்பூசணித் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தோம். நார்பர்ட் தலை முதல் கால் வரை மாவில் புரட்டிய மீன் மாதிரி வெள்ளையாக நின்றான். அவன் எதிரே பளபளவென்று புதுத் தகரம். அதை உள்ளங்கையால் தடவினான். குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"அக்கா, இதுல ஏதாவது இருந்துதா?"

"என்ன இருக்கணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"தகரம் நல்லாத்தானே இருக்கு. நீதான் அன்னிக்கே சொன்னியே, ஒரிஜினல்னு" என்றேன்.

அவ்வளவுதான், அவனால் தாங்க முடியவில்லை. தூசித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். 1979இல் பியர் குடித்துவிட்டுக் கோயில் வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது பலகையின் கம்பத்தில் மோதிவிட்டான். பலகை கழன்று விழுந்தது, காரில் ஓட்டை விழுந்தது. அப்பாவுக்குப் பயந்து பலகையை டிக்கியில் போட்டுக்கொண்டு ஓடினான். ஓட்டையை அடைக்கத் தகரம் தேடியபோது, டிக்கியிலேயே சரியான அளவில் ஒன்று இருந்தது.

"நான் சொல்லத்தான் நெனச்சேன் காஸ். அதுக்குள்ள எல்லாரும் உன்னைச் சொல்லிட்டாங்க. அப்புறம் நீயும் பெரிசா ஒண்ணும் சொல்லல."

"தொண்டை கிழியக் கத்தினேன்டா!"

இதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று சிரிப்பு போய்விட்டது. "உங்கப்பா என்னைத் திருடன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்தார், நார்பர்ட்" என்றேன். நான் போய்க் கை கழுவினேன். டெல்ஃபின் பின்னாலேயே வந்து என் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

நார்பர்ட் வாசற்படி வரை வந்தான். "ஊர் பூரா கேக்க நானே சொல்லிடறேன்" என்றான்.

சொன்னான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜூலையில் கோயில் திருவிழா. நார்பர்ட்தான் அந்த வருடம் கமிட்டித் தலைவன். நாங்கள் காரை ஓட்டிக்கொண்டு போனோம். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, உடம்பு முழுக்க சாம்பல் நிறப் பிரைமர், ஆனால் இடது பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பியர் பந்தலில் முந்நூறு பேர் இருப்பார்கள். தட்டுத் தட்டாகப் பியரோகிக் கொழுக்கட்டையும் சாசேஜும் போய்க்கொண்டிருந்தன. நார்பர்ட் மைக்கைப் பிடித்தான்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி பிங்கோ பலகையைத் தூக்கினது காஸ் இல்ல. நான்தான்."

தட்டுகள் போவது நின்றது. பிறகு முன்வரிசையில் இருந்த லோட்டி, மண்டபத்தில் ஒரு செவ்வாயைக்கூடத் தவறவிடாதவள், கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "அக்கா புருஷனுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறான் பாருங்க! தங்கமான புள்ள!"

கைதட்டல் கிளம்பியது.

"இல்லங்க, நெஜமாவே நான்தான்!" என்று நார்பர்ட் கத்தினான். கைதட்டல் கூடியது. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

டெல்ஃபின் சும்மா இருந்திருக்கலாம். அவள் காரில் கொண்டுவந்திருந்த போர்வையைப் பிரித்துப் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இதோ, இதான் சாட்சி!"

"அடிப் பாவி, எங்கடி இருந்துது இது?" என்றாள் லோட்டி.

"கார்ல."

"யாரு கார்ல?"

டெல்ஃபின் வாயைத் திறந்தாள். யோசித்தாள். "எங்க கார்லதான்" என்றாள்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "அந்தக் காலத்துல அந்தக் கார் என்னுது!" என்று நார்பர்ட் அலறியது யார் காதிலும் விழவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போல்கா இசைக் கோஷ்டி அக்கார்டியனை வாசிக்க ஆரம்பித்துவிட்டது. ஓய்வு பெற்ற ஃபாதர் ஸிக்மண்ட் தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பிக் குடுக்கணும்னு தோணிச்சே மகனே, அது போதும்" என்று நெற்றியில் சிலுவை போட்டார். டெல்ஃபின் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவள் தோள் மட்டும் வெகுநேரம் குலுங்கியது.

மறுநாள் காலை நார்பர்ட் தலைவலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சோர்ந்துபோயிருந்தான். ஊரில் இத்தனை மரியாதை அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை, அது அவனை உறுத்தியது. "வா, வண்டியை எடு" என்றான். மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னான். பியர் எத்தனை குடித்தான் என்பதைக்கூட மறைக்கவில்லை.

இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் குறுக்கே பேசாமல் கேட்டார்.

எனக்கு மனசு லேசானது. நார்பர்ட்டுக்கும் ஆகியிருக்க வேண்டும், திரும்பும் வழியில் காலைச் சாப்பாடு அவன் வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டு எழுந்தபோது, பெயின்ட் என்ன நிறம் என்று கேட்டான். சிவப்பு என்றாள் டெல்ஃபின். பச்சைதான் அழகு என்றான் அவன். வீடு வந்து சேரும்வரை அக்காவும் தம்பியும் அதற்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.