உம்மாவைக் குளிப்பாட்டிய தண்ணீர்

வோஷிங் மெசின் மூன்றாவது தடவையும் கீக்கீ என்று கத்திவிட்டு நின்றது. முஸ்பிறா மூடியைத் திறந்து பார்த்தாள். உம்மாவின் படுக்கை விரிப்புகள் நனையாமல் போட்டபடியே கிடந்தன. உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள். இன்றைக்குத்தான் அவற்றைத் தொட மனம் வந்திருந்தது. பார்த்தால், மெசினுக்குத் தண்ணீர் வரவில்லை.

புருஷன் ஜவுபர் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். சுவர்க் குழாய் திறந்துதான் இருந்தது. மெசினுக்குத் தண்ணீர் வரும் ஓஸ் எங்கும் மடிந்து நெரிபடவில்லை. கரண்ட் பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்தியும் பார்த்தான். கடைசியில் மெசினை விற்றவனைத் திட்டிவிட்டு மருதமுனை ஸப்ரிக்குக் கோல் எடுத்தான்.

மெசின் திருத்துகிற ஸப்ரி வந்தவுடன் மெசினைத் தொடவில்லை. குழாயைப் பூட்டி ஓஸைக் கழற்றினான். அதை வாளிக்குள் பிடித்துக் குழாயைத் திறந்தான். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. அப்படியென்றால் அடைப்பு மெசினின் வாசலில்தான் என்றான். ஓஸ் பொருந்தும் இடத்தில் விரல் நுனியளவு ஒரு வலை இருக்குமாம். கல்முனைக்குடியில் பாதி மெசின்கள் அதில் மணல் அடைத்துத்தான் படுக்கின்றனவாம். கதைத்துக்கொண்டே அந்த வலையைக் குறட்டால் இழுத்தெடுத்தான்.

வலையில் மணல் இல்லை. கறுப்பாக, நார் நாராக ஏதோ திரண்டிருந்தது. ஸப்ரி அதை உள்ளங்கையில் விரித்து மூக்கருகே கொண்டுபோனான். உடனே கையைத் தள்ளிப் பிடித்தான்.

"ஜவுபர் காக்கா, இது இறகு. டேங்கிய ஒருக்காப் பாப்பம்."

இருவரும் தண்ணீர்த் தாங்கி இருக்கும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். முஸ்பிறா கீழே நின்றாள். சில நாட்களாகக் குளியலறைத் தண்ணீரில் ஒரு வாடை இருந்தது. குழாய்த் தண்ணீருக்குப் போடும் மருந்து கூடிவிட்டதாக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். சமையலுக்கும் குடிக்கவும் முற்றத்துக் குழாயில் நேராக றோட்டு லைனிலிருந்து பிடிப்பதால் தப்பித்தார்கள்.

மேலிருந்து ஸப்ரி ஒரு வாளி கேட்டான், இனிமேல் பாவிக்காத வாளியாகப் பார்த்து. அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. தாங்கிக்குள் காகம் ஒன்று செத்துக் கரைந்துபோய்க் கிடந்தது.

ஜவுபர் முகம் வெளிறி இறங்கினான். தாங்கி மூடியைத் திறந்துவைத்தது யாரென்று அவள் கேட்கவில்லை, அவனே சொன்னான். மௌத்து நடந்த அன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கூடுகிற சனத்துக்குத் தண்ணீர் காணுமா என்று ஏறிப் பார்த்திருக்கிறான். கீழேயிருந்து யாரோ கூப்பிட, மூடாமலே இறங்கிவிட்டான்.

முஸ்பிறா நாட்களை எண்ணிப் பார்த்தாள். இந்தத் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுததையெல்லாம் திருப்பித் தொழலாம். உம்மாவைத் திருப்பிக் குளிப்பாட்ட முடியுமா?

"உம்மாவ இந்த நஜீஸ்லயா குளிப்பாட்டி அனுப்பின நாம?"

பெரிய தாங்கித் தண்ணீர் லேசில் அசுத்தமாகாது, காகம் எப்போது விழுந்ததோ யார் கண்டது என்று ஜவுபர் சமாதானம் சொன்னான். குளிப்பாட்டிய பிறகு விழுந்ததாகத்தான் இருக்கும் என்று ஸப்ரியும் சேர்ந்துகொண்டான். மெசின் பார்க்க வந்தவனுக்குக் காகம் செத்த நாள் எப்படித் தெரியும்? அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அந்தப் பக்கத்துப் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் பாத்தும்மா. முற்றத்தில் நெத்தலி காயப்போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டும் அவள் திடுக்கிடாதது முஸ்பிறாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒங்கட டேங்கித் தண்ணியில ஒரு சொட்டும் ஒங்கும்மாட மேல படல்ல, மகள்."

அன்று வந்த சனம் ஒளு எடுத்தும் கால் கழுவியும் ஒன்பது மணிக்கே தாங்கியை வற்றவைத்துவிட்டதாம். றோட்டு லைனிலும் தண்ணீர் வேகம் இல்லையாம். பின்வளவில் மறைப்புக் கட்டி உம்மாவைக் கிடத்திவிட்டுக் குழாயைத் திறந்தால் நூல் போல ஒழுகியதாம். முஸ்பிறா அந்நேரம் உள்ளறையில் மயங்கிக் கிடக்க, நாலு பேர் விசிறிக்கொண்டிருந்தார்களாம். மய்யித்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருக்க முடியுமா?

பாத்தும்மா நெத்தலியைக் கிளறிவிட்டுச் சொன்னாள். "மதிலுக்கு மேலால குடம் குடமா வந்திச்சி. ஸம்றாட கிணத்துத் தண்ணி."

"ஸம்றாடயா?" என்றாள் முஸ்பிறா.

ஸம்றா அடுத்த வீட்டுக்காரி. அவள் தன் மகள் நிஹ்லாவுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த வீட்டை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் காதுபடப் பேசியவள் முஸ்பிறாதான். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி இருக்கிறது, அந்தத் தண்ணீர் கால் கழுவவும் ஆகாது என்றாள். வந்தவர்கள் பிறகு வரவேயில்லை, சம்பந்தம் முறிந்துபோனது. மூன்று வருடமாக மதிலுக்கு இரண்டு பக்கமும் ஸலாம் இல்லை. மௌத்துக்குக்கூட எட்டிப்பார்க்காதவள் என்று இந்தப் பன்னிரண்டு நாளும் வந்தவர்களிடமெல்லாம் அவள் ஸம்றாவைக் குறைசொல்லியிருந்தாள்.

"ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"செல்லியிருந்தா ஊத்த உட்டிருப்பியாகா? மய்யித்த வெச்சிக்கிட்டுச் சண்டைக்கு வந்திருப்பாய். அவதான் செல்லாதீங்கெண்டா." பாத்தும்மா அவளை நேராகப் பார்த்தாள். "மணந்து பாத்து, வாயில வெச்சிப் பாத்துத்தான் ஊத்தின நான். நல்ல தண்ணி."

உம்மா சுத்தமாகத்தான் போயிருக்கிறாள். அந்த நிம்மதி நெஞ்சில் இறங்குவதற்குள் முஸ்பிறா அங்கிருந்து கிளம்பிவிட்டாள். தன் வீட்டு வாசலையும் தாண்டிப்போய் அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

ஸம்றா வந்தாள். வா என்று சொல்லவில்லை. ஸலாத்துக்குப் பதில் மட்டும் சொன்னாள்.

"உம்மாக்கு நீங்க..." முஸ்பிறா தொடங்கினாள்.

"ஒங்கும்மாக்குத்தான் ஊத்தின. ஒனக்கில்ல."

"தெரியும். நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்த."

ஸம்றா கேட்டின் கொண்டியை நீக்கினாள்.

"எனக்கிட்ட ஏன் கேக்காய்? நிஹ்லாக்கிட்டக் கேளு. உள்ளுக்குத்தான் இரிக்காள்."

அவள் கேட்டை அகலத் திறக்கவுமில்லை, பூட்டவுமில்லை. ஒரு ஆள் ஒடுங்கி நுழையும் இடைவெளியில் முஸ்பிறா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.