இருபத்தெட்டு இலட்சுமிகள்

மஹய்யாவையில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இராமநாதன் பதினாறு வருடமாகத் தலைமை ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். தன்னுடைய கட்டுரைகள் மேல் மட்டும் கொஞ்சம் கூடுதலான பிரியம். பசு, தென்னை, மழைக்காலம் என்று இருபத்திரண்டு கட்டுரைகளை இளவயதில் தானே எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றை உருப்போடுவார்கள். வருடாவருடம் பரீட்சிக்க வரும் வித்தியாதரிசி அவற்றில் ஒன்றைக் கேட்பார். பிள்ளைகள் மளமளவென்று எழுதித் தள்ளுவார்கள், அவர் தலையாட்டிவிட்டுப் போவார். எல்லோருக்கும் சௌகரியமான ஏற்பாடு.

1931 தை மாதம் பத்மாதேவி டீச்சர் வந்து சேர்ந்தார். அவரும் யாழ்ப்பாணம்தான், வயது இருபத்துநாலு. வந்த வாரமே பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிக் கட்டோடு இராமநாதனின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சேர், ஐஞ்சாம் வகுப்பில எத்தினை பிள்ளையள் வீட்டில பசு நிக்குது?"

"ஏன் டீச்சர்?"

"இருபத்தெட்டுப் பேரும் 'எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு, அதன் பெயர் இலட்சுமி' எண்டு எழுதியிருக்கினம். மூக்காயி வீடு ஒரே ஒரு அறை. ஏழு பேர் படுக்கினம். இலட்சுமி எங்க சேர் படுக்கும்?"

இராமநாதனுக்குச் சுருக்கென்றது. இலட்சுமி வேறு யாருமில்லை, அவருடைய அப்பா வளர்த்த பசு.

"கட்டுரை எண்டால் அப்பிடித்தான் டீச்சர்."

"அது உங்கட கட்டுரை சேர். பிள்ளையள் இன்னும் ஒண்டும் எழுதேல்லை."

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, கொப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வயதில் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

மறுநாளிலிருந்து ஐந்தாம் வகுப்பில் புது வழக்கம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற வழியில் கண்டதைக் காலையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் மாதம் ஒருவருக்கும் நாலு வரிக்குமேல் வரவில்லை. டீச்சர் திட்டவில்லை, கேள்வி கேட்டார். ஹபீலா "காலை மிக அழகாக இருந்தது" என்று எழுதினால், "எது அழகாக இருந்தது பிள்ளை?" என்பார். ஹபீலா யோசித்து யோசித்து, வாப்பா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது உள்ளேயிருந்து வந்த கருவாட்டு வாசத்தை எழுதினாள். அது எப்படி அழகாகும் என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, பக்கத்தின் கீழே "இதை நம்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்தார்.

தினம் இருபத்தெட்டுப் பக்கம். ஒன்றைக்கூட மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளியதில்லை. ஐப்பசியில் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து திருத்தினார். எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த இராமநாதனே, இந்த மனுஷிக்குக் களைப்பே வராதா என்று வியந்தார்.

பரீட்சை நெருங்கியதும் இராமநாதன் டீச்சரிடம் போனார். "டீச்சர், ஒரு மாசத்துக்கு மட்டும் என்ர கட்டுரையளைப் பாடமாக்க விடுங்கோ" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். டீச்சர் மாட்டேன் என்றார்.

வித்தியாதரிசி வந்தார். வழக்கம்போல "பசு" என்றார். பிள்ளைகள் எழுதினார்கள். முடிவு வந்தபோது இருபத்தெட்டுப் பேரில் ஆறு பேர்தான் தேறியிருந்தார்கள். மற்ற விடைத்தாள்களில் எல்லாம் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: "வினாவுக்குப் பொருந்தாத விடை."

கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹுஸைன் ஹாஜியார்தான் பள்ளிக்கூட மனேஜர். அவரிடமிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது. டீச்சரை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும். காரணங்களை எழுதி அனுப்ப வேண்டும்.

இராமநாதன் அதை டீச்சரிடம் காட்டினார். அவர் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் கெஞ்சவில்லை.

"நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ சேர். காரணம் எழுத முதல் பிள்ளையளின்ர தாளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. அது மட்டும் போதும்."

பள்ளிக்கூடம் விட்டபின் இராமநாதன் கதிரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "கனம் பொருந்திய மனேஜர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் மிகத் தாழ்மையுடன் அறியத் தருவது யாதெனில்" என்று கை தானாகவே எழுதியது. யாதெனில் வரை வந்துவிட்டது, அதற்குமேல் காரணம் வேண்டுமே. விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

மேலே இருந்தது மூக்காயியின் தாள். "எங்கள் வீட்டில் பசு இல்லை. இராமையா மாமாவிடம் இருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் கோச்சியில் அடிபட்டுச் செத்தது. மாமா அழவில்லை. ஆனால் அதன் கயிற்றை இன்னும் இடுப்பில் கட்டியிருக்கிறார். அத்தை கழற்றச் சொன்னால் கேட்கவில்லை."

இராமநாதன் இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு மற்ற இருபத்தேழையும் வாசித்தார். ஒரு தாள்கூட இன்னொன்றைப் போல இல்லை. தன் இருபத்திரண்டு கட்டுரைகளிலும் இப்படி ஒரு கயிறு இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

எழுந்து போய் இராமையாவின் வீட்டைத் தேடினார். அந்த மனிதர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று பதறி எழுந்தார். இடுப்பில் கயிறு இருந்தது.

இராமநாதன் திரும்பி வந்து, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். நாலு பக்கம் எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐம்பத்திரண்டு வயதில், யாருடைய நடையும் இல்லாமல், திக்கித் திணறி எழுதினார். மறுநாள் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் தானே கொண்டுபோனார்.

ஹாஜியார் கடையில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தார். இராமநாதன் துணிச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடிதம் இப்படி முடிந்திருந்தது: "இராமையாவின் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு அடி. பதினாறு வருடத்தில் நான் அங்கே போனதில்லை. டீச்சரை நிறுத்தினால் பிள்ளைகள் மறுபடியும் என் அப்பாவின் பசுவைப் பற்றித்தான் எழுதுவார்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால், அந்தக் கட்டுரைகளை எழுதிய என்னை நிறுத்துங்கள்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர் இங்கயே ஈக்கட்டும் மாஸ்டர். வித்தியாதரிசிக்கிட்ட நான் பேசுறன்."

பேசியும் அடுத்த வருடம் பதினொருவர்தான் தேறினார்கள், அதற்கடுத்த வருடம் பத்தொன்பது. பத்மாதேவி டீச்சர் தன் வழியிலிருந்து அசையவில்லை. 1938 வாக்கில் சனிக்கிழமைகளில் பிலிமத்தலாவையிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை வாங்குகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வழியில் கண்டதை ஒரு பக்கம் எழுதிக் காட்டினார்கள். அவர்களையும் அவர் விடவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு இராமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கும்போது ஹாஜியார் கூப்பிட்டார். கடிதம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். பதினாறு வருஷமா உங்கட கடிதம் வருது. கடைசி வரைக்கும் நான் வாசிச்சது இது ஒண்டைத்தான்."