ஏழாம் நம்பர் மலை பதிந்த வருஷம்

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கும் ஒரு தோட்டத்தின் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம், ஒரு செவ்வாய்க்கிழமை கணிதப் பாடம் முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்தடி குறைந்தது. அது முறியவில்லை, சாயவில்லை, அடியில் மண்ணும் கிளறப்படவில்லை. கொடி மட்டும் முன்னைவிடத் தாழப் பறந்தது. பள்ளிக்கூட அதிபர் கம்பம் நட்ட ஆளைக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அந்த வாரம் மிளகு விலை ஏறியிருந்தபடியால் ஊரில் வேறு எதைப் பற்றியும் பேச்சில்லை.

பலாபத்வலையிலிருந்து உதயராஜ் சேர் கணிதம் படிப்பிக்க வந்த வருஷம் அது. அதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்தில் திரிகோணகணிதம் என்பது புத்தகத்தில் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள்தான். உதயராஜ் அதைப் புரட்டவில்லை, பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு போனார். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நூல் நுனியில் சைக்கிள் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே மை தீர்ந்த பேனாக் குழாயை ஒட்டினால் சாய்வுமானி தயார். மரம் எதிர்ப்பக்கம், நிலம் அயற்பக்கம், மிளகு பறிக்கச் சார்த்தியிருக்கும் ஏணி செம்பக்கம். ஏணிக்கால் மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குக் கோசைன், அதே ஏணி எவ்வளவு உயரம் எட்டும் என்பதற்குச் சைன், ஏணியே இல்லாதவனுக்குத் தான்சன். குழாய் வழியாக உச்சியைப் பார், நூல் காட்டும் கோணத்தை எடு, மரத்துக்கும் உனக்கும் உள்ள தூரத்தைத் தான்சனால் பெருக்கு. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே போய்விட்டது.

ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்தார்கள். பெருக்கி வருவது கண்ணுக்கு மேலே உள்ள உயரம்தான், அதோடு தரையிலிருந்து கண்வரை உள்ள உயரத்தையும் கூட்ட வேண்டும். உதயராஜ் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார், கத்தினார், பிரம்பால் மேசையில் தட்டினார். பயனில்லை. அவர் சமதரையில் பிறந்தவர், தரையைப் பார்க்கக் குனிகிறவர். இந்தப் பிள்ளைகளோ சரிவிலே பிறந்தவர்கள். மலையைப் பார்த்து நின்றால் மண் இவர்கள் கண்ணுக்கு நேரேயே இருக்கும். தரை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது இவர்களுடைய எண்ணம். ஆகவே ஐந்தடி குறைந்த விடையையே எழுதினார்கள். அளக்கப்பட்ட பொருளும் விடைக்கு மரியாதை கொடுத்து அந்த உயரத்துக்கே வந்து நின்றது.

சங்கதி வெளியே தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட மவுசு. டிலக்சன் தன் மாமா பழனிமுத்துவின் பலாமரத்தை அளந்து கொடுத்தான், காய்கள் கைக்கெட்டின. மிளகுக் கொடி படர்ந்த மரங்களை அளக்க ஊரார் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பெரிய மரங்களை இரண்டு பிள்ளைகள் இரண்டு தரம் அளந்தார்கள். மாசி மகத்துக்கு மாத்தளைத் தேர் பார்க்கப் போனபோது, யாரும் சாய்வுமானி கொண்டுவரக் கூடாது என்று உதயராஜ் பைகளைச் சோதித்த பிறகே பஸ்ஸில் ஏற்றினார்.

அழகம்மாவின் மகள் ஹம்சிகாவுக்கு மரங்களில் அக்கறையில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் மலையை. தோட்டத்திலேயே செங்குத்தான தேயிலை மலை அது. அங்கே கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் சாயங்காலம் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். அழகம்மா ராத்திரியில் முழங்காலில் தைலம் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பதை ஹம்சிகா சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறாள். ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் வகுப்பு முழுவதையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். மலையின் குறுக்கே தண்ணீர் ஓட வெட்டிய கான்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு கானிலும் ஹம்சிகாவே நின்று அடுத்த கானைக் குழாய் வழியாகப் பார்த்தாள். மற்றவர்கள் கோணத்தை வாசித்தார்கள், பெருக்கினார்கள். ஒவ்வொரு கானிலும் ஒரு ஹம்சிகா உயரம் மலையிலிருந்து கழிந்தது. அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, மலை வாட்டமாகச் சாய்ந்து படுத்திருந்தது.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் தோட்டத்துக்காரர் குடியிருக்கும் அந்த லயங்களில் முகங்கள் மலரும். கொழுந்து பறித்த பெண்கள் வெயில் மிச்சமிருக்கும்போதே வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி தலை வாரினார்கள். வேலைக்குப் போகையிலேயே பாடிக்கொண்டு போனார்கள், மூச்சு இருந்தது. மாரியாயி என்பவள் எல்லாரையும்விட மூட்டு வலிக்காரி, அவள் தன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இரத்தோட்டைச் சந்தைவரை நடந்து போய் வந்தாள். கங்காணி மட்டும் மலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மழைக்கு மண் இறங்கியிருக்கும் என்று ஆபீஸில் சொல்லி வைத்தார். எவ்வளவு நல்ல காலம் அது! கொஞ்ச காலம்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தவணைப் பரீட்சையில் கலங்கரை விளக்கத்தின் உயரம் கேட்டிருந்தார்கள். டிலக்சனுக்கு அன்று திடீரென்று விளங்கிவிட்டது. கண்ணுயரத்தை மனதாரக் கூட்டி எழுதினான். அதே நேரம் அவன் அளந்த பலாமரம் பழைய உயரத்துக்குப் போனது, காயைக் கட்டிப் பிடித்திருந்த பழனிமுத்துவும் கூடவே போனார். ஏணி கொண்டுவரும்வரை அவர் மேலேயே இருந்து மருமகனின் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். ஒரு பிள்ளை கணக்கை விளங்கிக் கண்ணுயரத்தையும் கூட்டி எழுதிவிட்டால், அந்தக் கண் அளந்ததெல்லாம் திரும்பிவிடும் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒவ்வொருவராகக் கூட்டி எழுத, மிளகு மரங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கொடிக்கம்பமும் நிமிர்ந்தது.

ஹம்சிகாவுக்கு எல்லாருக்கும் முன்பே விளங்கியிருந்தது. அதனால்தான் அவள் கூட்டவில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திக்கொள்வாள். உதயராஜும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார். மாத்தளையில் கணிதப் பிரிவில் சேர வேண்டுமானால் ஓ.எல். பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுக்க வேண்டும், அந்தக் கேள்வியை விட்டால் அவளுக்கு ஏ கிடைக்காது. கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து அம்மாவுக்குப் பக்கத்தில் கூடை கட்ட வேண்டியதுதான். அவர் அவளைக் கூப்பிட்டுப் பேசத்தான் நினைத்தார். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கையில் பாட்டுச் சத்தத்தோடு பெண்கள் மலையிலிருந்து இறங்கி வருவதைக் கண்டு, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார்.

பரீட்சைக்கு முதல் நாள் மாரியாயியும் நாலைந்து பெண்களும் அழகம்மா வீட்டுக்கு வந்தார்கள். மாரியாயி ஹம்சிகாவின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு கணக்குத்தானே தாயி, மத்ததெல்லாம் நல்லா எழுது. அத மட்டும் கூட்டாம விட்டுரு. எங்க காலு தாங்காது" என்றாள். ஹம்சிகா அழுதுவிட்டாள். அவர்கள் போன பிறகு, நான் என்ன செய்ய என்று அம்மாவைக் கேட்டாள்.

அழகம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "பரீட்ச ஒன்னோடது. மல எங்களோடது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத" என்றாள்.

மறுநாள் ஹம்சிகா இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினாள், பெண்கள் ஏழாம் நம்பர் மலைக்குப் போனார்கள். பரீட்சைத் தாளில் அந்தக் கேள்வி வந்திருந்தது, கோபுரமும் பார்ப்பவனின் உயரமும் படத்தோடு. வேலைக்கு நடுவே மலை அடியிலிருந்து நிமிரத் தொடங்கியது. ஒரு கான் எழுந்தது, அடுத்தது எழுந்தது, தேயிலைச் செடிகள் ஒரு இலை உதிராமல் வரிசையாக மேலேறின. பெண்கள் கூடையோடு அப்படியே குந்திக்கொண்டார்கள். கீழே லயங்கள் சிறுத்துக்கொண்டே போயின. மலை நின்றபோது காற்று சில்லென்று அடித்தது, தூரத்தில் மாத்தளை வெளிச்சமாகத் தெரிந்தது.

"எல்லாத்தையும் கூட்டிட்டாளா, கொஞ்சமாவது மிச்சம் வச்சாளா?" என்று மாரியாயி உட்கார்ந்தபடியே கத்தினாள்.

அழகம்மா எழுந்து கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை பார்த்தாள். "முழுசாக் கூட்டிட்டா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. மாரியாயி வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டிக்கொண்டே எழுந்தாள், எழும்போது அழகம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாரும் விட்ட இடத்திலிருந்து கொழுந்து பறித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், வளைவு தாண்டியதும் ஹம்சிகா மலையைப் பார்த்தாள். பிறகு இறங்கும்வரை தலையை நிமிர்த்தவேயில்லை. பஸ் நிற்கும் இடத்தில், கணுக்கால்வரை சேறோடு அழகம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"முழங்கால் வலிக்குதாம்மா?"

"வலிக்குது புள்ள. நல்லா வலிக்குது" என்றாள் அழகம்மா, யாருக்கோ கலியாணம் பேசி முடித்த சேதியைச் சொல்வதுபோல. மகளின் கையைப் பிடித்து எழுந்தாள். "காலைல மாத்தளைக்குப் போற மொத பஸ்ஸு எப்பன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

லயத்துக்குப் போகிற படிகளில் இருவரும் மெதுவாக ஏறினார்கள்.