பதவிப்படி உட்கார்ந்து அளந்த ஜீப்

சுங்கை நீப்பா தோட்டத்து ஜீப் கொட்டகையில் அன்று காலை சமுகமளித்தவர்களும் அவரவர் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு: ஜீப்பின் முன் சீட்டில், இடப்பக்கம், மேனேஜர் ரெங்கசாமி. அவருக்கு நேர் பின்னால், இடப்பக்கப் பெஞ்சில், மடியில் கோப்புடன், ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் எழுதும் பெரிய கிராணி கனகலிங்கம். எதிர்ப்பெஞ்சில், அதாவது வலப்பக்கம், வாயில் வெற்றிலையும் உடம்பில் எலும்புமாக, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி. டிரைவர் சீட்டு காலி. டிரைவர் சேது ஜீப்புக்கு அடியில் அளவு நாடாவோடு மல்லாந்து கிடந்தான். உட்கார்ந்தவர்கள் பட்டியலில் இவனை எப்படிச் சேர்ப்பது என்று சற்று யோசித்த பெரிய கிராணி, கடைசியில் 'படுத்த நிலையில்' என்று எழுதிக்கொண்டார்.

கூட்டம் ஜீப்புக்குள்ளேயே நடந்ததற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்துக்கு முன் கோலசிலாங்கூர் கிளப்பில் யாரோ ஓர் இன்ஜினியரின் உயரமான ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்தார் மேனேஜர். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. தோட்டத்து ஜீப் சபாக் பட்டறைக்குப் போய், ஸ்பிரிங்குக்குப் பட்டை கூட்டிக்கொண்டு, நாலு இன்ச் வளர்ந்து திரும்பியது. செம்பனைக் காட்டுச் சேற்றைத் தாண்ட அந்த உயரம் உதவியது என்பதை மறுக்க முடியாது. மேனேஜர் ஏறி உட்கார ஒரு முக்காலி தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

வளர்ந்தது ஸ்பிரிங் மட்டும்தான். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் பின்பக்க அப்சோபர்கள் இரண்டும் பழைய நீளத்திலேயே இருந்தன. சக்கரம் வாய்க்காலில் இறங்கியபோது ஸ்பிரிங் தாராளமாக நீண்டது, அப்சோபருக்கு எட்டவில்லை, அதை மாட்டியிருந்த காது பிய்ந்து தொங்கியது. மேனேஜர் அதே அளவில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டார். அதுவும் அதே வாய்க்காலில் அதே மரியாதையோடு பிய்ந்தது. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டையையே மறுபடி தைத்துப் போட்டுவிட்டு, கிழித்தவன் எவன் என்று தேடுவதுபோல, மேனேஜர் டிரைவரைத் தேடினார்.

"மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி ஓட்டுற. இன்னொரு ஜோடி போச்சுன்னா ஜீப்பு பக்கமே வராத. குலை வெட்டப் போயிடு லா" என்றார்.

செம்பனைக் குலை வெட்டுவது என்றால் மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேல் தூக்கி, நாள் முழுக்க இழுப்பது. சேதுவின் வலது தோள் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து காதுக்கு மேல் எழும்பாது. ஸ்டியரிங் பிடிக்க அது போதும். கழி பிடிக்கப் போதாது. கழி பிடிக்காதவனுக்குக் கூலியும் இல்லை, லயத்து வீடும் இல்லை. இதெல்லாம் மேனேஜருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அந்த வேலையைச் சொன்னார்.

ஆகவே அப்சோபரின் மேல் மாட்டுக்கும் கீழ் மாட்டுக்கும் இடையே நாடா பிடித்து, மூன்றாவது ஜோடியின் நீளத்தை முறைப்படி அளக்க வேண்டும் என்று பெரிய கிராணி எழுத்தில் யோசனை சொன்னார். ஜீப் எந்நாளும் ஆட்களை ஏற்றித்தானே ஓடுகிறது? அப்படியானால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே அளப்பதுதான் முறை. இதில் பிழை கண்டுபிடிக்க மேனேஜரால் முடியவில்லை. அதனால் அது சரியாகிவிட்டது.

"இடப்பக்கம் என்னெண்டு சொல்லு" என்றார் பெரிய கிராணி மேலிருந்து.

"பதினைஞ்சரை இன்ச்சுங்க ஐயா."

"வலப்பக்கம்?"

"பதினேழு."

"ஒரே வண்டிக்கு ரெண்டு அளவா?" என்றார் மேனேஜர்.

அடியிலிருந்து சேது தொண்டையைக் கனைத்தான். "கிராணி ஐயா கொஞ்சம் மண்டோர் பக்கம் தள்ளி ஒக்காந்தா சரியா வருமுங்க."

"அது மண்டோர் பெஞ்ச்" என்றார் பெரிய கிராணி.

இருபத்தாறு வருஷ சேவையில் அவர் மேனேஜருக்குப் பின்னால் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. சன்னாசி, "அப்ப நான் அங்கிட்டு வரட்டுங்களா?" என்று எழுந்தார். பெரிய கிராணி பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்து வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கத்துக்கு அன்று கிடைத்த கூடுதல் எடை அவ்வளவுதான்.

அளவுகள் பதிவாயின. கூட்டம் கலைந்தது. மேனேஜர் இறங்கினார், முக்காலி முனகியது. கிராணி இறங்கினார். மண்டோர் குதித்தார். ஜீப் பெருமூச்சு விட்டதுபோல் மேலே எழும்பியது. சேது இன்னும் அடியில்தான் கிடந்தான். அவன் பிடித்திருந்த நாடா கண்ணெதிரே நீண்டு பதினெட்டில் போய் நின்றது.

அவன் அவசரமாக உருண்டு வெளியே வந்தான். "ஐயா, இப்ப பதினெட்டு காட்டுதுங்க. ரெண்டு பக்கமும்."

"கூட்டம் முடிஞ்சுது" என்றார் பெரிய கிராணி, பேனாவை மூடிக்கொண்டே. "முடிஞ்ச பிறகு வாற அளவை நான் எங்க எழுதுறது?"

சும்மா நிற்கும்போதே பதினெட்டு கேட்கும் வண்டிக்கு, ஒரு பக்கம் பதினைந்தரையிலும் மறுபக்கம் பதினேழிலும் அப்சோபர் வரப்போகிறது. மாட்டும்போதே பிய்ந்துவிடும். மூங்கில் கழி அப்போதே தன் தோளில் ஏறிவிட்டதுபோல் இருந்தது சேதுவுக்கு.

வீட்டில் அவன் மனைவி அம்சவள்ளி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அளந்தாச்சா?"

"அளந்தாச்சு. தொரையையும் கிராணியையும் அளந்தாச்சு. ஜீப்பைத்தான் இன்னும் அளக்கல."

"அத சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? நீங்க ரெண்டு பேரும் கனம்னு சொல்லிட்டு நான் எங்க போறது?"

"நீ சொன்னாத்தான் குத்தம்" என்றாள் அம்சவள்ளி. "அவங்களே எழுதிக்கிட்டா?"

சேது சாப்பிடுவதை நிறுத்தினான். பெரிய கிராணி எதை வேண்டுமானாலும் தாங்குவார், காரணம் எழுதாமல் விட்ட ஒரு கடிதத்தை மட்டும் தாங்கமாட்டார் என்பது தோட்டம் முழுவதும் அறிந்த விஷயம். லீவு கேட்டவன் காய்ச்சல் என்று எழுதினால், எதனால் காய்ச்சல் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர்.

மறுநாள் காலை, கோலாலம்பூர் சாமான் கடைக்குப் போகவேண்டிய கடிதம் தட்டச்சு மெஷினில் பாதி ஏறியிருந்தது. சேது ஆபீஸ் ஜன்னலோரம் துணியும் கையுமாக நின்றான்.

"ஐயா, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டைன்னு போனா கடைக்காரன் ஏன்னு கேப்பானுங்களே."

பெரிய கிராணியின் விரல்கள் நின்றன. "ஓம். கேப்பான்." தாளை ஒரு வரி மேலே உருட்டினார். "காரணம் ஒண்டு போடத்தான் வேணும்."

மெஷின் மறுபடி படபடத்தது. பத்து மணிக்குக் கடிதம் மேனேஜரிடம் போனது. பத்தேகால் ஆகுமுன் மேனேஜரின் குரல் கொட்டகை வரை வந்தது.

"என்னய்யா இது? 'நிர்வாகியும் அவரை அடுத்து அடியேனும் இடப்பக்கம் அமர்ந்தமையால் அப்பக்கம் ஒன்றரை இன்ச் கூடுதலாகத் தாழ்ந்தது.' இத கடைக்கு அனுப்பப் போறீங்களா?"

"கடைக்கு மட்டுமில்லை சேர். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகுது. முறை அது."

"ஒன்றரை இன்ச்சுக்கு நான் காரணமா? நேரா சக்கரத்து மேல ஒக்காந்தது நீங்க. உங்க பேர மட்டும் போடுங்க."

"நான் அறுபது கிலோ சேர். அறுபது கிலோவுக்கு ஒன்றரை இன்ச் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

இருவரும் மற்றவர் எடையைப் பற்றி மிகுந்த கண்ணியத்துடன் கால் மணி நேரம் பேசினார்கள். சேது ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தான். முடிவில் மேனேஜர் வெளியே வந்தார்.

"சேது, மறுபடி அள. ஒருத்தன் ஏறக்கூடாது. டயர் தரையில படக்கூடாது. எவன் கனமும் எதுலயும் வரக்கூடாது."

ஜாக்கியில் சட்டத்தைத் தூக்கியதும் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. சேது அடியில் புகுந்து நாடாவைப் பிடித்தான். இருபத்தொன்று, இரண்டு பக்கமும். வாய்க்காலில் இறங்கும்போது ஸ்பிரிங் இவ்வளவு நீண்டிருக்கிறது. பழைய அப்சோபர் பாவம், எங்கே எட்டும்? இரண்டு ஜோடி போனதற்குத் தன் கை காரணமில்லை என்று அவனுக்கே அப்போதுதான் நிச்சயமாயிற்று. அதுவரை, பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தான்.

ஆனால் பெரிய கிராணி தன் முறையை அப்படிக் கைவிடுகிறவரா? "பாரம் இல்லாம எடுத்த அளவைத் தனியா அனுப்பேலாது. பாரத்தோடயும் ஒண்டு வேணும்" என்றார்.

"ஆள் ஏறக்கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காருங்க."

"ஆள் ஏண்டா? ஸ்டோரில உர மூட்டை கிடக்குதே."

உர மூட்டைக்குப் பதவி கிடையாது. எந்தப் பெஞ்சில் போட்டாலும் பேசாமல் உட்கார்ந்தது. சன்னாசியின் ஆட்கள் இரு பக்கமும் சமமாக அடுக்க, சட்டத்தின் அடியில் இருந்த ரப்பர் கட்டையில் அச்சு முட்டும்வரை ஜீப் அமுங்கியது. பதின்மூன்று, இரண்டு பக்கமும்.

ஆக, முழுக்க நீட்டினால் இருபத்தொன்றுக்குக் கொஞ்சம் மேலே போகவேண்டும், முழுக்க மடங்கினால் பதின்மூன்றுக்குள் அடங்கவேண்டும். அப்படிப்பட்ட அப்சோபர்தான் அந்த ஜீப்புக்குப் பொருந்தும். உலகத்தில் இதை அளக்க வேறு வழியே இல்லை. இந்த ஒரே வழிக்குத் தோட்டம் வந்து சேர்ந்தது, ஒருவர் தன் எடையை மறைக்கவும் மற்றவர் தன் முறையைக் காக்கவும் முயன்றதால்.

புதுக் கடிதம் மெஷினில் ஏறியது. அடிப்பதைப் பெரிய கிராணி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்தார். "'முன்னைய இரண்டு சோடியும் ஓட்டுநரின் கவனக்குறைவால் பழுதடைந்தன' எண்டு போடச் சொன்னவர் துரை."

சேது துணியை மடித்தான். பிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான். "ஐயா, பழைய அளவு எட்டாம பிஞ்சதுன்னு மேல எழுதியிருக்கீங்க. கீழ நான் ஒடச்சேன்னு வருது. ஒரு ஜோடிக்கு ரெண்டு காரணம் வரலாமுங்களா?"

பெரிய கிராணி தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வேதனை சேதுவுக்காக அல்ல, கடிதத்துக்காக.

"வராது" என்றார். தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுத்தாளும் கார்பனும் சொருகி, முதல் வரியிலிருந்து அடித்தார். கடைசி வரி இல்லாமல்.

மேனேஜர் கையெழுத்துப் போடுமுன் 'நிர்வாகி', 'அமர்ந்த' என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் தேடினார். இல்லை. மற்ற எதையும் படிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

பெரிய கிராணி தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசையை விளிம்பு முழுக்கத் தடவி, ரூல்தடியால் அழுத்தித் தேய்த்தார். தலைமை அலுவலக நகலுக்கும் அதேபடி. ஸ்டாம்பை நனைத்து ஒட்டி, "தஞ்சோங் காராங் தபாலில சேர்த்துட்டு வா. மெதுவா ஓட்டு" என்றார்.

அப்சோபர் இல்லாத ஜீப் வழியெல்லாம் குதித்தது. சேது அதை அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுச் சட்டிபோல் பத்திரமாக ஓட்டிப் போனான். தபாலாபீஸ் வாசலில் இறங்கி, உறையின் வாய் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்து, பெட்டிக்குள் போட்டான்.