மூச்சு வாங்காத மனுஷன்

என் வீட்டுக்காரர் பங்காருவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, இந்த மாதமே ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று சென்னை டாக்டர் சொன்னார். வேலூர் டாக்டரோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்கலைன்னா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். வாங்க ஆரம்பிச்சா தள்ளிப் போடாதீங்க" என்றார். இவர் அதில் முதல் பாதியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் பாதியை வேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. இவர் வேலூர்க் கட்சி. பள்ளிப்பட்டில் தறி ஓட்டும் என் தம்பி பரந்தாமன் சென்னைக் கட்சி. அவன் யூடியூபில் ஆபரேஷன் வீடியோ பார்த்துப் பார்த்து அரை டாக்டராகிவிட்டான். அவனுடைய பாவா, அதாவது அக்கா புருஷன், சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் அவனுக்கு அதைச் சொல்ல வரும்.

"பன்னியோட சதையில செஞ்ச வால்வு வெக்கிறாங்க பாவா. நல்லா வேலை செய்யுமாம்."

"பன்னியா? மாசா மாசம் கிருத்திகை விரதம் இருக்கிறவன்டா நான். அதை நெஞ்சுல வெச்சிகினு முருகன் எதிர்ல எப்படி நிக்கிறது?"

"உலோகத்துலயும் இருக்குது. ஆனா டிக் டிக்னு சத்தம் கேக்கும்."

"கேக்கட்டுமே. ஆள் இருக்கிறாருன்னு எனக்குத் தெரியுமில்ல" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். எனக்குக் கட்சி ஏதும் கிடையாது. எனக்கு இந்த மனுஷன் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த டாக்டர் பேச்சைக் கேட்டால் இவர் எனக்கு மிஞ்சுவார் என்று தெரியாமல் பருப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இவரே ஒரு பரீட்சை வைத்தார். "திருத்தணி மலையைப் படியில ஏறிக் காட்டுறேன். மூச்சு வாங்கினா சென்னை. வாங்கலைன்னா வேலூர். அத்தோட பேச்சு முடிஞ்சுது."

"வேணாங்க, ஏதாச்சும் ஆயிடப் போவுது" என்று நான் கெஞ்சினேன்.

"ஓடவா போறேன்? படிக்குப் படி பூஜை பண்ணிகினே போறேன்." சாமி பெயரைச் சொன்ன பிறகு அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆரம்பித்தோம். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி அந்த மலைக்கு. இவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினார். அது முழுசாக எரிந்து அணைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டே ஏறிப்போய், தரிசனம் முடித்து, லட்டைத் தின்றுகொண்டே இறங்கியும் வந்துவிட்டது. நாங்கள் அப்போதும் முதல் மண்டபத்துக்குக் கீழே இருந்தோம்.

பரந்தாமன் இதையெல்லாம் செல்லில் படம்பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்பினான். "ஒரு பெருமூச்சுகூட வரலியேக்கா. பாவா பாஸாயிட்டாரு போலகீது" என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பாதி மலையில் கற்பூரம் தீர்ந்துபோனது. வாங்கிவர அவன் கீழே இறங்கினான். உச்சி வெயில் கொளுத்தியது.

"அவன் வர்றதுக்குள்ள அந்த நிழல் வரைக்கும் சும்மா ஏறுங்க" என்றேன்.

"பூஜை இல்லாம ஏறக் கூடாது."

"யாரு சொன்னது? உலகமே சும்மாதானே ஏறிகினு போவுது."

வேறு வழியில்லாமல் எழுந்து ஏறினார். பத்துப் படிகூட இருக்காது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ரயில்வே ஸ்டேஷன்... எவ்ளோ அழகா... தெரியுது பாரு" என்றார். இவர் பிறந்ததிலிருந்து பார்த்த ஸ்டேஷன் அது. அதை அழகு என்று இவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் தலைக்கேறியது. "இது பூஜையா? படிக்குப் படி ஓய்வு எடுத்துகினு யாரை ஏமாத்தறீங்க? என்னையா, வேலூர் டாக்டரையா, அந்த முருகனையா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிறவர், கையை மட்டும் லேசாக ஆட்டினார். பதில் சொல்ல மூச்சு இல்லை. என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மூச்சு அடங்கின பிறகுதான் பேசினார்.

"சித்திரையிலேர்ந்தே வாங்குது பிரேமா. கிணத்து மேட்டுக்குக்கூட வண்டியில போறேனே, எதுக்குன்னு நெனச்சே? தெரிஞ்சிதான் கற்பூரமும் வாங்கினேன்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா அறுப்பாங்க. அறுத்தப்புறம் கண்ணு தெறக்கலைன்னா?" குனிந்துகொண்டார். "பயமா இருக்குது."

எனக்கும் பயம்தான். பரீட்சை வைத்த மனுஷனே முன்கூட்டிப் பதிலை மாற்றி எழுதிவைத்திருந்தால் எந்த டாக்டர்தான் என்ன செய்வார்? நான் வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நர்ஸ் நம்பரைப் போட்டு, செல்லை அவர் கையில் கொடுத்தேன். "உங்க கட்சிக்காரங்கதான். நீங்களே பேசுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்றது. இவர் செல்லைக் காதில் வைத்து, "மூச்சு வாங்குதும்மா" என்றார். சித்திரையிலிருந்து இவர் சொன்ன முதல் உண்மை. "ஆங்... ஆங்... இல்லைங்க, இப்ப மலையிலதான் இருக்கிறேன்" என்றதும் அந்த நர்ஸ் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

மேலே ஏறாமல், மெதுவாக, பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாலு பேர் எதிரில் என் பக்கத்தில்கூட நடக்காதவர், அவராகவே கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். நாலைந்து படி இறங்கியிருப்போம், பரந்தாமன் கற்பூரப் பொட்டலத்தோடு மூச்சு இரைக்க இரைக்க எதிரில் ஏறிவந்தான்.

"இன்னா பாவா, எறங்கிட்டீங்க? யாரு ஜெயிச்சது?"

"வேலூர்தான்டா. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க" என்றார் இவர். சொல்லும்போதும் என் கையை விடவில்லை.