அக்கா திரும்பிப் பார்த்தபோது

1

இந்தக் கதை அக்காவின் வேலையிலிருந்து வந்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். [‘திருடினேன்’ இருக்கட்டும், அடித்துவிட வேண்டாம்.]

த்ரீடி படத்துக்கு இரண்டு கேமராக்கள். ஒன்று நேராகப் பார்க்கும். இன்னொன்று மேலிருந்து, சாய்த்துவைத்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்க்கும். நம் இரண்டு கண்களைப் போல. [தேய்ந்த உவமை. வேறு கிடைக்கவில்லை.] இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று முடிவுசெய்வது அக்கா. கூடிப்போனால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும்.

அக்காவுக்குப் போன வருடம் இடது கண் மங்கிவிட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் த்ரீடியில் ஆழம் தெரியாது. விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உதவியாளன் என்ற பெயரில், த்ரீடி கண்ணாடி மாட்டிக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்காருவேன். அக்கா திரும்பிப் பார்க்கும்போது, கண் உறுத்தினால் மூக்கைச் சொறிய வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

2

இன்று சுவர் இடியும் காட்சி. ஒரே சுவர், ஒரே தடவை. ஒத்திகை முடிந்து அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான்

[இந்த வாக்கியத்தைப் பலமுறை பாதியில் விட்டேன்.]

நான் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கதைக்கு ஒரு முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தேன். பிரமாதமான வரி. [இப்போது கதையில் இல்லை. படித்தால் குமட்டுகிறது.] மூக்கு அதுபாட்டுக்குச் சும்மா இருந்தது. அக்கா “ஓகே” என்றாள். சுவர் விழுந்தது.

எடுத்ததைப் போட்டுப் பார்த்த இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். “தலையே வெடிக்குது. யாரு இதைப் பார்த்து ஓகே சொன்னது?”

“நான்தான் சார்” என்றாள் அக்கா.

3

முதலில் எழுதிய முடிவில் தம்பி அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறான். நல்ல பையன். அவனை எனக்குப் பழக்கமில்லை.

நடந்தது வேறு. வண்டியில் வரும்போது அக்கா கேட்டாள்: “உனக்கு உறுத்தவே இல்லையாடா?”

“இல்லையேக்கா.”

“அப்ப என் கணக்குதான் தப்பிப்போச்சு. இனிமே இதுக்கு நான் லாயக்கில்லை. நாளைக்குப் போய் வேலையை விட்டுடறேன்னு சொல்லிடறேன்.”

வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருக்கிறது. ஆனாலும் டைப் செய்துகொண்டே இருக்கிறேன், பாருங்கள். வரிகள் வேறு நன்றாக வந்து விழுகின்றன.

4

[முடிவை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் கண்ணை மூடிக்கொள்வதுதான்.]

அக்கா என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “வந்ததுலேர்ந்து என்னடா எழுதறே? வாசி, கேக்கறேன்.”

வாசித்தேன். மங்கிய கண் வந்த இடத்தில், “அதையும் போட்டுட்டியா, கடன்காரா” என்று சிரித்தாள். சுவர் வந்ததும் சிரிப்பு நின்றது. ‘அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான்’ வரை வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

“நீ?” என்றாள். “நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

உங்களிடம் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவளிடம் அடுத்த வரியை ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசிக்க முடிந்தது: நான், கண்ணாடிக்குள், கண்ணை, மூடிக்கொண்டு.