கோபுரத்தில் ஒரு கட்டில்

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வகத்தில் குடிநீர் மாதிரிக் குப்பிகளை இன்குபேட்டரில் அடுக்கிவிட்டுக் கணினியைத் திறந்தபோது அந்த வாரத்துக் கேள்விகள் வந்திருந்தன. மொத்தம் நான்கு. வீட்டில் அரசியல் பேசுவீர்களா? கடைசியாக எதை வேண்டாமென்று ஒதுக்கினீர்கள்? உங்கள் கனவு வேலை எது? ஹாலோவீனுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ஓரிகனிலிருக்கும் வெர்னா என்ற பெண்மணி வாராவாரம் கேள்விகளைப் போடுவார். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. முப்பது நாற்பது பேர் அவரவர் வலைப்பக்கத்தில் பதில் எழுதிவிட்டு, அவர் பக்கத்தில் போய் ஒரு வரி சொல்லிவிட்டு வருவோம். எந்தக் கேள்வியையும் தாண்டக்கூடாது, ஒரு காபி குடிக்கும் நேரத்துக்கு மேல் யோசிக்கக்கூடாது, எழுதியதைப் பிறகு மாற்றக்கூடாது என்பது வழக்கம்.

இது என் மனைவி கொரீனின் பொழுதுபோக்கு. மார்ச்சில், சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தத்தில், மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்து அவள் இறந்தாள். வங்கி, தொலைபேசி, நூலகம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் அவள் பெயரை நீக்கிக்கொண்டு வந்தபோது இந்தப் பக்கமும் வந்தது. மூடுவதற்காகத்தான் திறந்தேன். அந்த வாரத்துக் கேள்வி, உங்களுக்குப் பிடித்த சூப் எது என்பது. பக்கத்தை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்த சூப் எது என்று தெரிந்தது. நானே ஒரு பக்கம் தொடங்கி அதை எழுதினேன். அதன்பின் எந்த வெள்ளியும் விடவில்லை. அங்கே எல்லோருக்கும் கொரீன் விஷயம் தெரியும். முதல் வாரம் வருத்தம் சொன்னார்கள். இரண்டாம் வாரம் என் சூப்பில் உப்பு அதிகம் என்றார்கள்.

அரசியல் கேள்விக்கு இப்படி எழுதினேன்: பேசினோம். நாங்கள் எதிரெதிர்க் கட்சி. ஒவ்வொரு தேர்தலின்போதும், இருவருமே போகாவிட்டால் கணக்கு ஒன்றுதான், பெட்ரோலாவது மிச்சம் என்பாள் கொரீன். ஆனாலும் ஒரே காரில் போய்விட்டு வருவோம். இந்த முறை என் ஓட்டுக்கு எதிர் ஓட்டுப் போட ஆளில்லை.

எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய எங்கள் ஒஹாயோவில் அந்த மாதம் தொலைபேசி ஓயவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கூப்பிட்டார்கள். அவள் கட்சிக்காரர்கள் கொரீன் இருக்கிறாரா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். எப்போது கூப்பிடலாம் என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. எனவே அவளைப் பற்றி எழுதினேன். அவள் கத்தோலிக்கப் பெண். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை விடுவாள். இந்த வருடம் காபி. ஈஸ்டர் வந்ததும் ஒரு பெரிய பானை போடச் சொல்லியிருந்தாள். ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டாள்.

கனவு வேலைக்கு: மொன்டானா காடுகளில் தீ பார்க்கும் கோபுரங்கள் இருக்கின்றன. கோடை முழுக்க ஒரே ஆள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தொலைநோக்கி. புகை தெரிந்தால் வானொலியில் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

ஹாலோவீனுக்கு: வேடம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள் படியேறாதபடி வாசல் விளக்கை அணைத்து வைப்பேன்.

அன்று மாலை ரோஸ்லின் கூப்பிட்டார். கொரீனின் அக்கா. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்மா போனபின் அவளை வளர்த்தவர். இந்தியானாவில் பெரிய வீடு, கணவர், இரண்டு வளர்ந்த பையன்கள். கோடையிலிருந்தே எங்கள் மகள் ஐரிஸைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐரிஸுக்கு ஐந்து வயது. பள்ளி வருடம் முடியும்வரை இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பார். நான் பார்க்கலாம் என்பேன். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம், ஒரே அர்த்தத்தில் அல்ல.

"வியாழக்கிழமை வரேன்," என்றார். "ஹாலோவீனுக்கு அந்தக் குழந்தையோட ஒருத்தராவது இருக்கணும்ல."

வந்தார். காரின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கை ஒன்று ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. புத்தம்புதிது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அடுத்த வீட்டு மார்வ் புல்வெளியில் தன் கட்சிப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ரோஸ்லினின் கார் பின்புறத்தில் எதிர்க்கட்சி ஸ்டிக்கர்.

"அம்மா, வண்டிய இந்தப் பக்கம் நிறுத்தாதீங்க. என் புல்லு காஞ்சிடும்," என்றார் மார்வ்.

"காயட்டும். செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணும்போது உங்க மூஞ்சி காயறதுக்கு அது துணையா இருக்கும்."

மார்வ் சிரித்தார். ரோஸ்லின் சிரிக்கவில்லை. கொரீனும் அப்படித்தான், தன் நகைச்சுவைக்குத் தான் சிரிக்கமாட்டாள்.

இரவு உணவுக்குப் பிறகு ஐரிஸ் தொலைக்காட்சி முன்னால் இருந்தாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐரிஸுக்கு ஹாலோவீனுக்கு வாஷிங் மெஷின் வேடம் வேண்டும். ஞாயிறு மாலைகளில் துணி சுற்றுவதை நாங்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து பார்ப்போம். வேறு எதுவும் செய்வதில்லை. அதனால் இருக்கலாம். ரோஸ்லின் ஒரு இளவரசி உடை வாங்கி வந்திருந்தார். ஐரிஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு பெரியம்மா, இத மெஷினுக்குள்ள போடலாம்," என்று சொல்லியிருந்தாள்.

ரோஸ்லின் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"உன் கனவு வேலையப் படிச்சேன்."

"அது சும்மா விளையாட்டு, ரோஸ்லின். ஒருத்தர் ஐஸ்கிரீம் ருசி பாக்குற வேலைன்னு எழுதியிருந்தார்."

"அவர் என்னத்த வேணா நக்கட்டும். உன் கோபுரத்துல எத்தன கட்டில்?"

நான் வெட்டுவதை நிறுத்தினேன்.

"ஒண்ணுதான். நீயே எழுதியிருக்க," என்றார். "ஐரிஸ எங்க படுக்க வைப்ப?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய். மறப்பதற்கு முதலில் ஞாபகம் இருக்கவேண்டும். அதை எழுதியபோது அந்தக் கோபுரத்தில் ஐரிஸ் இல்லை, கொரீன் இல்லை, சரியாகப் பார்த்தால் நானும் இல்லை. கட்டில் மட்டும்தான் இருந்தது. வாரக் கேள்விகளுக்கு யோசிக்காமல் பதில் எழுதுகிறோம். யோசிக்காமல் எழுதியது என்பதாலேயே ரோஸ்லினுக்கு அது பெரிதாகப் பட்டது. நான் மறுபடி வட்டத்தை வெட்டத் தொடங்கினேன்.

"காபி விஷயம் எனக்குத் தெரியாது," என்றார் ரோஸ்லின். குழாயை மூடியிருந்தார். "அவ காபிய விட்டது. பானை போடச் சொன்னது. ஓரிகன்ல இருக்குற எவளுக்கோ தெரியுது. அவள வளத்தவ நான், கம்ப்யூட்டர்ல படிச்சுத் தெரிஞ்சிக்கறேன்."

"அவங்க கேட்டாங்க."

"நான் கேக்கலியா? வாரத்துல மூணு தடவ போன் பண்றேன்."

"நீங்க எப்படி இருக்கன்னு கேப்பீங்க. அதுக்கு எனக்கு பதில் தெரியாது."

அவர் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல கிளம்பறேன்," என்றார். "ஐரிஸ் துணிப்பெட்டி என் வண்டில ஏறுதா இல்லியான்னு அதுக்குள்ள சொல்லிடு. பாக்கலாம்னு மட்டும் சொல்லாத."

மறுநாள் வெள்ளி, ஹாலோவீன். புதுக் கேள்விகள் வந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஆய்வகத்திலிருந்து சீக்கிரம் வந்து பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். வட்டக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தலையணை உறையை ஒட்டினேன், மிட்டாய் அதற்குள் விழும்படி. ஆறு மணிக்கு ரோஸ்லின் வாசல் விளக்கைப் போட்டு, ஒரு பெரிய கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் கேட்கவில்லை.

என் தவறு முதல் வீட்டிலேயே தெரிந்தது. ஐரிஸ் நேராக நிற்கும்போது அளவெடுத்திருந்தேன். பெட்டி கணுக்கால்வரை வந்தது. தரையில் அவளால் நடக்கமுடிந்தது. முழங்காலை உயர்த்தமுடியவில்லை. கீழே பார்க்கவும் முடியவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் படி உண்டு. அப்பாக்கள் நடைபாதையிலேயே காபிக் கோப்பையோடு நின்றுகொள்வதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மார்ச்சுக்குப் பிறகு அந்தத் தெருவில் எவர் வீட்டு வாசலுக்கும் நான் போகவில்லை. தட்டுகளில் உணவு கொண்டுவந்து வைத்தவர்களுக்குத் தட்டைத் திருப்பிக்கூடத் தரவில்லை.

"அப்பா, படி வந்துடுச்சா?" என்றது பெட்டி.

போய் அதன் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துச் சற்றுத் தூக்கினேன். "படி. இன்னொண்ணு. இன்னும் ஒண்ணு."

கதவு திறந்தது. அந்த வீட்டம்மா என்னைப் பார்த்தார். வாய் ஏதோ சொல்லத் தயாரானது.

"நான் வாஷிங் மெஷின்," என்றாள் ஐரிஸ். "வாய்ல போடுங்க."

ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான். ஏற்றினேன், நின்றேன், இறக்கினேன். சிலர் தலையசைத்தார்கள். ஒருவர் எங்கள் பக்கத்துக் குடிநீரில் ஏன் குளோரின் வாசனை என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரிந்தது, நின்று சொன்னேன். மார்வ் தன் அழுக்குக் கையுறையை உள்ளே போடப் பார்த்தார். "சோப்பு எவ்ளோ போடணும், கண்ணு?" என்றார். "சோப்பு வேணாம், சாக்லெட் போடுங்க," என்றாள் ஐரிஸ். "அப்பன மாதிரியே சுருக்கமாப் பேசுது," என்று என்னிடம் சொன்னார். "நம்ம ஆளுக்குத்தானே ஓட்டு போடற?" என்றும் கேட்டார். ஆமாம் என்றேன். "உன் ரோஸ்லின் மட்டும் இந்த ஊரா இருந்தா நமக்குக் கஷ்டம்ப்பா."

தெருக்கோடி வீட்டுக்கு மேட்டின்மேல் நீளமான படிக்கட்டு. விட்டுவிடலாம் என்றேன். அந்த வீட்டில் முழுச் சாக்லெட் கட்டி தருவார்கள் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியுமாம். ஏறினோம். பாதியில் அவள் நின்றாள்.

"அப்பா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போகணுமா?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. சமையலறைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை.

"உனக்குப் போகணுமா?"

"அங்க ட்ராம்போலின் இருக்கு."

"இருக்கு."

"நீ வருவியா?"

"எனக்கு இங்க வேல இருக்கு."

"நான் அங்க இருக்கும்போது நீ என்ன பண்ணுவ?"

வெர்னா கேட்பதுபோலக் கேட்டாள். கனமே இல்லாமல், பிடித்த சூப் எது என்பதுபோல. மேலிருந்து பார்த்த எனக்குப் பெட்டியின் மேல் ஓட்டையில் அவள் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. வகிடு கோணலாக இருந்தது. நான் எடுத்த வகிடு.

"வேலைக்குப் போவேன். வந்து டிவி பாப்பேன்."

"துணி தோய்க்க மாட்டியா?"

"தோய்ப்பேன்."

"தனியா உக்காந்து பாப்பியா?"

யோசித்தேன். தனியாக இருந்தால் அதன் முன்னால் உட்காரமாட்டேன். சத்தம் கேட்கும், எழுந்து போய் எடுப்பேன், அல்லது எடுக்கமாட்டேன்.

"இல்ல," என்றேன். "பாக்க மாட்டேன்."

"சரி," என்றாள். "படி சொல்லு."

திரும்பி வந்தபோது எட்டு மணி ஆகியிருந்தது. ரோஸ்லினின் கிண்ணம் காலி. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பெட்டிக்குள் உட்காரமுடியாது. அதனால் ஐரிஸ் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கண் மூடியிருந்தது. பெட்டி அவளை விழவிடவில்லை.

"ரோஸ்லின், அவ இங்கயே இருக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இல்ல. யோசிச்சா மாத்திடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். கொரீனின் கண் அல்ல அது. வேறு கண், இன்னும் சிறியது. அழுதிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அழுதிருக்கவேண்டும்.

"உனக்குச் சமைக்க வராது."

"வராது."

"தல வார வராது."

"கொஞ்சம் வரும்."

"அந்தக் கோபுரத்துக் கதைய நான் மறக்க மாட்டேன், எமெட். நீ ஒரு நாள் அப்படியே ஏறிப் போயிடுவியோன்னு பயமா இருக்கு. என் தங்கச்சி பொண்ணு கீழ நின்னுட்டிருப்பா."

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு," என்றேன். "போன் பண்ணுங்க. எப்படி இருக்கன்னு கேக்காதீங்க. சின்னதா ஏதாவது கேளுங்க."

"சின்னதான்னா?"

"அவ என்ன சாப்பிட்டா. அந்த மாதிரி."

"சரி. கேக்கறேன். இன்னிக்கு ராத்திரி அவ என்ன சாப்பிட்டா?"

"எட்டு சாக்லெட்."

"ஐயோ, ஆண்டவரே," என்றார் ரோஸ்லின். அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பாக இருந்திருக்கலாம். "ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் இருக்கு. நான் இன்னும் ஒத்துக்கல. மொதல்ல இந்தச் சனியன அவ தலையிலேருந்து எடு."

நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் மறுபக்கம். மெதுவாக உயர்த்தினோம். தோள் அருகே ஐரிஸின் கை ஒன்று மாட்டிக்கொண்டது. ரோஸ்லின் குனிந்து, அதைத் தன் வாயால் ஊதுவதுபோல அத்தனை மெதுவாக உள்ளே தள்ளினார். ஐரிஸ் விழித்துக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து நழுவி ரோஸ்லினின் தொடையில் சாய்ந்து, ஒரு கையால் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி எங்கள் தலைக்கு மேலே போனது. தலையணை உறை ஒரு பக்கம் பிய்ந்து, வட்டக் கதவு வழியாக மிட்டாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழத் தொடங்கின. நாங்கள் இருவரும் அசையாமல், கைகளை உயர்த்தியபடி, மிட்டாய் விழுவது நிற்கட்டும் என்று நின்றோம்.